தேய்ந்த பிரேக்கும் எரிந்த விளக்கும்

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு வண்டி என்பது பிழைப்போடு ஒட்டிய ஒன்று. சங்ககிரியில் லாரிகள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள், நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள். 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாவதற்கு முன்பே இத்தொழில்கள் இம்மண்ணில் வேரூன்றிவிட்டன. ஆயினும், லாரியைப் பற்றி இவ்வளவு அறிந்த ஊரில், வீட்டு வாசலில் நிற்கும் காரின் பிரேக்கைப் பற்றி நம்மில் பலர் அறிந்தது சொற்பமே. சமவெளியில் ஓட்டும்வரை அந்த அறியாமை வெளியே தெரிவதில்லை. ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைச் சாலையிலோ 70. அங்கிருந்து இறங்கும்போதுதான் பிரேக்கின் உண்மை நிலை புலப்படும்.

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில், அம்மா, மனைவி, தங்கையின் இரு குழந்தைகள் ஆகியோரைக் கொல்லிமலைக்கு அழைத்துச் செல்வதாக இருந்தேன். புறப்பட இரண்டு நாட்கள் இருக்கையில், சாலை வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் பிரேக்கிற்குரிய சிவப்பு விளக்கு எரிந்தது. நேர்ச்சாலைக்கு வந்ததும் அணைந்தது. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட விளக்கு அது. கைபிரேக்கை முழுவதும் இறக்காவிட்டாலும் அதே விளக்குதான் எரியும் என்பதால் முதலில் அதைச் சரிபார்த்தேன். அது இறங்கியே இருந்தது. பெட்ரோல் பங்கில் இருந்த இளைஞர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது சார், ஊற்றினால் விளக்கு அணைந்துவிடும்” என்றார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. ஊற்றினால் அணைந்துதான் போகும். அதில்தான் ஆபத்தே இருக்கிறது.

என் பெரியத்தா சங்ககிரி லாரிப் பட்டறையில் நெடுங்காலம் உழைத்து ஓய்ந்தவர். வண்டியை அவரிடம் கொண்டுபோனேன்.

“தம்பி, ஊற்றாதே. உள்ளே இருந்த ஆயில் எங்கே போயிற்று என்று முதலில் பார்” என்றார்.

“ஒழுகியிருக்குமோ, பெரியத்தா?”

நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் குழாய்களையும் தடவிப் பார்த்தார். ஈரமில்லை. மிதியை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அது கீழே இறங்காமல் உறுதியாக நின்றது. மிதி மெல்ல மெல்ல அமிழ்ந்தாலோ, எங்கேனும் கசிவு தெரிந்தாலோ அந்த வண்டியை ஓட்டவே கூடாது. கட்டி இழுத்துத்தான் செல்ல வேண்டும்.

கசிவில்லாமல் ஆயில் குறைவதன் காரணம் எளிது. முன்சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிப்பவை பேடுகள். அவை தேயத்தேய, அவற்றைத் தள்ளும் பிஸ்டன் சிறிது சிறிதாக முன்னே நகர்கிறது. பின்னே விழும் இடத்தை நிரப்ப, மேலுள்ள டப்பாவிலிருந்து ஆயில் இறங்குகிறது. டப்பாவில் மட்டம் குறைந்திருக்கையில் வண்டி வளைந்தால் ஆயில் ஒருபுறம் ஒதுங்கும், உள்ளிருக்கும் மிதவை தாழும், விளக்கு எரியும். பேடு தேய்ந்ததை அறிவிக்கத் தனிக் கம்பி இல்லாத கார்களில், பல நேரங்களில் இதுவே முதல் அறிவிப்பு. புது ஆயிலை ஊற்றி அதன் வாயை அடைத்துவிட்டால், அடுத்த அறிவிப்பு இரும்போடு இரும்பு உரசும் ஓசையாகத்தான் வரும். (மஞ்சள் நிறத்தில் எரியும் ஏ.பி.எஸ். விளக்கு வேறு, அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கியில் ஏற்றி, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்வதைப் பெரியத்தா அனுமதிக்கமாட்டார்கள். சக்கரத்தின் இடைவெளி வழியே பார்த்தபோது வெளிப்புறப் பேடு ஓரளவு நன்றாகவே தெரிந்தது. காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கியபின்தான் உட்புறப் பேடு கண்ணில் பட்டது. தகட்டின் மேல் 2 மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை! காலிப்பர் நகர்வதற்கான பின் துருவேறி இறுகியிருந்ததால் உட்புறமே எல்லாச் சுமையையும் தாங்கியிருக்கிறது. வெளியிலிருந்து எட்டிப் பார்த்து “பேடு இருக்கிறது” என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள்.

தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தோம். பழைய பேடுகள் சிலவற்றில் கல்நார் உண்டு, அது நுரையீரலுக்குக் கேடு. காலிப்பர் ரப்பர் குழாயில் தொங்காதபடி கம்பியால் கட்டினோம். பின்களைச் சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் இட்டோம். கிளாம்ப் வைத்துப் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளியபோது, டப்பாவில் ஆயில் தானாக உயர்ந்து பழைய மட்டத்துக்கே வந்தது. பங்கில் ஊற்றியிருந்தால் அது பொங்கி வழிந்து பெயிண்டைத் தின்றிருக்கும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒருபுறம் இழுக்கும் என்பதால் இரு முன்சக்கரங்களுக்கும் புதிய பேடுகள் போட்டோம். பிறகு, வண்டியை நகர்த்தும் முன் மிதியைப் பலமுறை அழுத்தச் சொன்னார்கள். முதல் மிதி அடிவரை போனது, நான்காவதில் உறுதியாயிற்று. இதை மறந்து தெருவில் இறங்குபவருக்கு முதல் திருப்பத்தில் பிரேக்கே இருக்காது.

ஆயிலும் பழையதாக இருந்ததால் மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றினோம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. நீர் சேர்ந்தபின் அந்த எல்லை 140-க்கு இறங்கலாம். மலையிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அந்தச் சூடு எளிதில் எட்டும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் மிதி பஞ்சுபோல் அமுங்கும். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாயில் லாரிகள் நிலைதடுமாறிய செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! லாரியில் இருப்பது காற்றுப் பிரேக். ஆனால் இறக்கத்தில் அளவு மீறிச் சூடானால் அதன் லைனிங்கும் பிடிப்பை இழக்கும். டீசல் மிச்சமென்று நியூட்ரலில் இறங்குவது, என் கருத்தில், உயிரோடு விளையாடுவதே.

கொல்லிமலைப் பயணத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தோம். அந்த வாரம் சேந்தமங்கலம் சாலையில் திடீர் பிரேக் போடாமல், மிதமாக அழுத்தி விட்டு, புதுப் பேடுகளை டிஸ்க்கோடு பழக்கினேன். குழந்தைகள் முகம் தொங்கிப்போனார்கள். அம்மாதான் கொழுக்கட்டை செய்து சமாதானப்படுத்தினார்கள். பிறகு அல்லாஹ்வின் அருளால் சென்று வந்தோம். இறக்கம் முழுவதும் இரண்டாம் கியர்; நெருக்கமான வளைவுகளில் முதல் கியர். காரவள்ளி அடிவாரத்தில் நிறுத்தியபோதும் மிதி கல்லைப்போல் உறுதியாக இருந்தது. பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் ஷூக்களை இன்னும் கழற்றிப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் பெரியத்தா வரும்போது அந்த வேலை இருக்கிறது.