கிரயமும் குத்தகையும்

ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்குவது என் பிழைப்பு. பொம்மையார்பாளையத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து தாள்களை நீட்டுபவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "சார், கையெழுத்துப் போடலாங்களா?" நான் வக்கீல் இல்லை, மொழிபெயர்ப்பாளன் மட்டுமே என்று சொல்லி நெடுங்காலம் தப்பித்துவந்தேன்.

வடக்கே மரக்காணம் உப்பளங்களுக்கென்று உப்பு வாரும் கருவி ஒன்றைச் செய்திருந்தார் வெல்டர் ஒருவர். காப்புரிமையும் பெற்றிருந்தார். ஒரு நிறுவனம் அனுப்பிய ஒப்பந்தத்தில் 'அசைன்' என்றிருந்த இடத்தில் 'உரிமையை வழங்குகிறார்' என்று எழுதிக் கொடுத்தேன். அகராதி என்னைக் குற்றம் சொல்லாது. ஆனால் தமிழில் வழங்குதல் என்பது அடியோடு கொடுத்துவிடுவதையும் குறிக்கும், அனுமதிப்பதையும் குறிக்கும். அவர் அனுமதி என்றே வாசித்தார். உள்ளூரில் அவரே செய்து விற்கலாம் என்று நிறுவனத்தார் வாயால் சொல்லியும் இருந்தார்கள்.

மறு வருடம் இன்னோர் உப்பளத்துக்கு அதே கருவியைச் செய்து கொடுத்தபோது வக்கீல் நோட்டீஸ் வந்தது. "குத்தகைக்கு விட்டேன்னுதான் சார் நெனச்சேன். கிரயம் பண்ணிட்டேனா?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் 1970ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தைப் படித்தேன். உரிமையை மாற்றிக் கொடுப்பதானாலும், பயன்படுத்த உரிமம் தருவதானாலும், நிபந்தனைகள் அனைத்தும் எழுத்தில் இருந்தாக வேண்டும் என்கிறது அதன் 68ஆவது பிரிவு. வாய்வார்த்தைக்கு அங்கே இடமில்லை. மாற்றிக் கொடுத்தவருக்கு மற்றவர்களைப் போலவே அனுமதி வேண்டும், கண்டுபிடித்தவர் அவரே என்றாலும்.

குத்தகைக்கு விடுவதென்றால் எப்படி என்பதற்கு ஜீவனி மருந்தின் கதை நல்ல உதாரணம். 1987இல் அகத்தியமலைக் காட்டில், களைப்பறியாமல் நடந்த காணிக்கார வழிகாட்டிகள் மென்ற காய்களின் வழியாக ஆரோக்கியப்பச்சை என்ற செடி விஞ்ஞானிகளுக்குத் தெரியவந்தது. கேரளத்தின் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து ஜீவனியை உருவாக்கியது. தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மஸிக்கு அதன் செய்முறையை ஏழு வருட உரிமமாகக் கொடுத்தது. முன்பணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீத ராயல்டி. கெடு முடிந்தால் செய்முறையின் உரிமை நிறுவனத்திடமே இருக்கும். வரும் பணத்தில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாயிற்று. அதைப் பெற 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவானது.

உலகம் இதை முன்மாதிரி என்று பாராட்டியது. எனக்கோ ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த உரிம ஒப்பந்தத்தில் காணிக்காரர்கள் ஒரு தரப்பு அல்ல. அவர்களுக்குப் பங்கு கிடைத்தது நிறுவனத்தின் நல்லெண்ணத்தால். அறிவைத் தந்தவர்களின் கையெழுத்து அத்தாளில் இல்லை. வெல்டரின் தாளில் கையெழுத்து இருந்தது, அதன் பொருள் அவருக்குத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் அகராதியை மூடிவைத்துவிட்டுக் கிரயம் என்றும் குத்தகை என்றுமே எழுதுகிறேன். எத்தனை வருடம், எந்த ஊர்கள், இவருக்கு என்ன மிச்சம் என்பதைத் தனித்தாளில் குறித்து, உரக்க வாசித்துக் காட்டிய பிறகே கூலி வாங்குகிறேன்.

அந்த வெல்டர் இப்போது ஜன்னல் கம்பிகளும் கேட்டும் செய்கிறார். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வார். அவர் கொடுத்த மொழிபெயர்ப்புக் கூலியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "நீங்க என்ன சார் பண்ணுவீங்க, எழுதியிருந்ததத்தான எழுதினீங்க" என்று வாங்க மறுத்துவிட்டார்.

எழுதியிருந்ததை நான் எழுதவில்லை என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.