ஷெங்கன்: ஒரு பாலம், மூன்று நாடுகள்

ஐரோப்பா போக விசா கேட்டு மனுப் போடும் ஒவ்வொரு இந்தியரும் உச்சரிக்கும் பெயர் ஷெங்கன். அது ஓர் ஊரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. லக்சம்பர்க்கின் தென்கிழக்கு மூலையில், மோசெல் ஆற்றங்கரையில், திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த சரிவின் அடியில் இருக்கிறது அந்தக் கிராமம். சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள். எதிர்க்கரையில் ஜெர்மனியின் பெர்ல். அதை ஒட்டியே பிரான்ஸ் தொடங்கிவிடுகிறது.

காரில் வருகிறவர்களுக்கு இங்கே முதலில் கிடைப்பது ஏமாற்றம்தான். தடுப்புக் கட்டை இல்லை, முத்திரை குத்தும் அதிகாரி இல்லை. நட்சத்திர வளையத்துக்குள் நாட்டின் பெயர் எழுதிய நீல நிறப் பலகைதான் எல்லை. பாலத்தைக் கடக்க ஒரு நிமிடம் போதும். ஆற்றின் நடுவில் கோடும் கிடையாது. 1816-ல் போடப்பட்ட ஒப்பந்தப்படி, எல்லையாக ஓடும் இந்த ஆறு இரு கரைக்காரர்களுக்கும் பொதுச் சொத்து. பாலத்தின் மேல் போகும் கார் ஒரே சமயத்தில் இரண்டு நாடுகளில் இருக்கிறது! வலது பக்கம் திரும்பி ஆற்றோரமாகவே போனால் சில நிமிடங்களில் மூன்றாவது நாடு.

நாடு மாறிவிட்டதைச் சாலைதான் சொல்கிறது. லக்சம்பர்க் நெடுஞ்சாலைகளில் மணிக்கு 130 கி.மீ. வரைதான் போகலாம். ஜெர்மன் ஆட்டோபான்களில் பல இடங்களில் வேகத்துக்கு உச்சவரம்பே இல்லை. பிரான்சில் பல நெடுஞ்சாலைகளில் சுங்கக் கட்டணம் அழ வேண்டும். லக்சம்பர்க்கில் பெட்ரோலுக்கு வரி குறைவு. அதனால் இந்தச் சிறிய கிராமத்தைச் சுற்றி வரிசையாக பெட்ரோல் பங்குகள். ஜெர்மன், பிரெஞ்சு நம்பர் பிளேட்டுகளோடு கார்கள் வந்து டாங்கை நிரப்பிக்கொண்டு போகின்றன.

இந்தச் சுதந்திரத்துக்கு வழி திறந்ததில் லாரி ஓட்டுநர்களுக்கும் பங்கு உண்டு. 1984-ல் சுங்க ஊழியர்களின் போராட்டத்தால் எல்லைகளில் நாள்கணக்கில் தேங்கிய அவர்கள், பொறுமை இழந்து ஆல்ப்ஸ் மலைச் சாலைகளை மறித்தார்கள். ஜி.எஸ்.டி. வந்த 2017-க்கு முன் மாநில எல்லைச் செக்போஸ்ட்களில் லாரிகள் காத்துக் கிடந்ததைப் பார்த்த இந்தியர்களுக்கு அந்தக் கோபம் புரியும். அதே ஆண்டு ஜூலையில் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் சோதனைகளைத் தளர்த்த ஒப்புக்கொண்டன. பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றும் சேர்ந்துகொண்டன. 1985 ஜூன் 14 அன்று ஷெங்கனில் நிறுத்தப்பட்ட 'பிரின்சஸ் மரி ஆஸ்ட்ரிட்' என்ற கப்பலில் ஐந்து நாடுகளும் கையெழுத்திட்டன.

அன்றைய ஒப்பந்தம் அடக்கமானது. சட்டத்துக்கு உட்பட்டே பயணம் செய்கிறேன் என்பதற்கு அடையாளமாக, 8 செ.மீ. அகலமுள்ள பச்சை வட்டம் ஒன்றைக் கார் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளலாம். வேகத்தைக் குறைத்தால் போதும், அதிகாரிகள் பார்வையாலேயே சோதித்து அனுப்புவார்கள். சோதனை அடியோடு ஒழிய 1995 மார்ச் 26 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று ஏழு நாடுகள். 2025 ஜனவரியில் பல்கேரியா, ருமேனியாவின் தரைவழி எல்லைகளும் திறந்தபின், முழுமையாக இணைந்த நாடுகள் 29.

அந்த வட்டத்துக்குப் பின்னால் இருந்தது நம்பிக்கை. அதை நம்பித்தான் வேறு நாடுகளில் வீடு வைத்திருக்கும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் லக்சம்பர்க்குக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது ஜெர்மனி தன் பக்கத்தில் சோதனையைத் தொடங்கியது. சில பாலங்கள் மூடப்பட்டன. ஷெங்கனில் ஐரோப்பியக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. இரண்டு மாதத்தில் வழி திறந்தது. ஆனால் 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லாத் தரை எல்லைகளிலும் மறுபடி போலீசை நிறுத்தியது. காரணம், சட்டவிரோதக் குடியேற்றமும் பாதுகாப்பும். ஆறு மாதத்துக்கு என்று சொல்லப்பட்டது, பிறகு நீட்டிக்கப்பட்டது. வேலைக்குப் போகிறவர்கள் நெரிசலில் சிக்குகிறார்கள் என்று லக்சம்பர்க் ஆட்சேபித்தது.

எல்லாக் காரையும் நிறுத்துவதில்லை. சந்தேகப்பட்ட காரை ஓரங்கட்டச் சொல்கிறார்கள். யாரைப் பார்த்துச் சந்தேகம் வருகிறது என்பதுதான் கேள்வி. வாடகைக் காரில் போகும் இந்தியர்கள் பாஸ்போர்ட்டையும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையோடு வைத்திருப்பது நல்லது.

ஒப்பந்தத்தின் 40-வது ஆண்டான 2025-ல் பழைய கப்பல் புதுப்பிக்கப்பட்டு ஷெங்கனுக்கே திரும்பி வந்தது, அருங்காட்சியகமாக. அதே ஆண்டில் ஆற்றின் மறுகரையில் சோதனையும் நடந்துகொண்டிருந்தது. அருங்காட்சியகத்துக்குப் போனது கப்பல் மட்டும்தானா?