தாத்தாவின் புல்லட்

எங்கள் வீட்டில் இருந்த புல்லட்டைப் பற்றி எழுதுகிறேன்.

தாத்தா அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். ஆரணிக்குப் போய் பட்டும் ஜரிகையும் வாங்கி வருவதும், நெய்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அதில்தான். குழித்தறியில் மிதித்து மிதித்து அவருக்கு முட்டி போனதும், வண்டி திண்ணையோரம் நின்றுவிட்டது.

போன தை மாதம் அப்பா, "பழைய இரும்புக் கடையில போட்டுடலாம். தறிக்கு ஜக்கார்டு மாத்தணும். கிளம்பற வண்டின்னா காஞ்சிபுரத்துல ஒருத்தர் நல்ல விலை தரேங்கறாரு. இதுதான் கிளம்பாதே" என்றார். தாத்தா ஒன்றும் பேசவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "நான் கிளப்பறேன்" என்று சொல்லிவிட்டேன். தம்பி சிரித்தான்.

மெக்கானிக் அண்ணன் வந்து கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். சிபி பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைத்தார். புது பேட்டரி போட்டார். அடுத்த நாள் நான் முழு பலத்தோடு உதைத்தேன். கிக்கர் திருப்பி அடித்தது. கணுக்கால் வீங்கி ரெண்டு நாள் நொண்டினேன்.

அப்போதுதான் தாத்தா வாயைத் திறந்தார். "பலம் வேணாம் பாப்பா. தறி மிதிக்கிற மாதிரி, நேரம் பாத்து மிதி."

இந்த 350 சிசி எஞ்சினுக்கு ஒரே சிலிண்டர்தான். விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். பிஸ்டன் உச்சிக்கு வருமுன் தீப்பொறி விழுந்தால் அது பின்னால் தள்ளும். அதுதான் என் காலை அடித்தது. அதனால் சாவியைப் போட்டு, ஆம்பியர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். கெட்டியாகும் இடத்தில் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்தால் உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பிஸ்டன் உச்சியைத் தாண்டும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி.

தாத்தா இன்னொரு கதையும் சொன்னார். ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர்க் கம்பெனி. புல்லட் என்ற பேர் 1932-லேயே வந்துவிட்டது. நம் ராணுவத்துக்கு வண்டி தேவைப்பட்டதால், 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கினார்கள். முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு முழு வண்டியையும் திருவொற்றியூரிலேயே செய்தார்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடிவிட்டது. "பொறந்த ஊர்ல நின்னு போச்சு, நம்ம ஊர்ல ஓடிச்சு" என்று சிரித்தார்.

அஞ்சு நாள் பழகினேன். ஆறாம் நாள் காலையில் முள் நடுவுக்கு வந்தது. லீவர், பிறகு ஒரு மிதி. டப்... டப்... டப்... தெருவில் தறிச் சத்தம் நின்று, எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். தாத்தா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்துக்காரர் வந்தார். நான்தான் கிளப்பிக் காட்டினேன். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கிளப்பினால் வண்டி நம்மோடு இருக்கும் என்று என்னமோ நினைத்திருந்தேன். நான் கிளப்பியதால்தான் போயிற்று. திண்ணையில் உட்கார்ந்து அழுதேன்.

தாத்தா என் தலையில் கை வைத்து, "இரும்பா போவலியே கண்ணு. வண்டியா போவுது. அது போதும்" என்றார்.

திண்ணையோரம் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. உள்ளே புது ஜக்கார்டு ஓடுகிறது.

– 11-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி