கணுக்கால் பட்டையும் தரையின் எதிர்விசையும்

கூடைப்பந்தில் வளையத்தை நோக்கித் தாவிய வீரர் தரையிறங்கும்போது, அவருடைய பாதம் தரையை அழுத்தும் அதே அளவு விசையைத் தரையும் அவர் உடல்மீது திருப்பிச் செலுத்துகிறது. தரை எதிர்விசை எனப்படும் இது, கண நேரத்துக்கு உடல் எடையின் சில மடங்காக உயர்கிறது. அந்த நேரத்தில் பாதம் இன்னொருவரின் காலணிமீது பட்டு உட்புறமாக மடங்கினால், கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் இணைப்புநார்கள் கிழியக்கூடும். கயிற்றால் இறுக்கிக் கட்டப்படும் கணுக்கால் பட்டை தடுப்பது இந்த மடங்கலைத்தான், எதிர்விசையை அன்று.

பயிற்சியாளர் ஒவ்வொருவரும் இதை உணர்ந்திருப்பது மிக அவசியம். முன்பாதம் முதலில் பதிய, குதிகால் பின்னர் இறங்கும் அசைவே அதிர்ச்சியின் ஒரு பகுதியை உள்வாங்குகிறது; பட்டை அந்த அசைவையும் குறுக்கினால், விசை தன் உச்சத்தை விரைவாக எட்டக்கூடும் என்பதால், முழங்காலையும் இடுப்பையும் நன்கு மடக்கித் தரையிறங்கும் பயிற்சி பட்டை அணிவோருக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

ஆடுகளச் சான்று உண்மையிலேயே நம்பிக்கை தருகிறது. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து வீரர், வீராங்கனையர் 1,460 பேரைப் பின்தொடர்ந்து 2011-இல் வெளியான ஆய்வில், 1,000 பங்கேற்புகளுக்கு (ஒரு பயிற்சியோ ஆட்டமோ ஒரு பங்கேற்பு) பட்டை அணியாதோரிடம் 1.41 ஆக இருந்த கணுக்கால் காயம், பட்டை அணிந்தோரிடம் 0.47 ஆக இருந்தது. எனினும் முழங்கால் காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை; நேர்ந்த கணுக்கால் காயங்களின் கடுமையும் பட்டையால் குறையவில்லை.