ஆற்றின் இரு கரையிலும் ஒரு பள்ளி

வேலூர் சிஎம்சி மருத்துவமனையை அறிந்தவர்களுக்கு அதை நிறுவிய ஐடா ஸ்கடரையும் தெரிந்திருக்கும். 1890இல் அவர் திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். பிரசவ வேதனையில் கிடந்த மனைவியைப் பார்க்க வரும்படி அந்த இளம்பெண்ணைக் கெஞ்சினார்கள். மருத்துவரான அவருடைய அப்பா வருவதாகச் சொல்லியும், ஆண் என்பதால் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இது நம்மூரில் பலமுறை சொல்லப்பட்ட கதை. அந்த இரவுக்கு முன் ஐடா எங்கே படித்துக்கொண்டிருந்தார் என்பதுதான் அதிகம் பேசப்படாதது. பாஸ்டனில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, அவர் படித்த நார்த்ஃபீல்டைப் பார்த்துவிட்டு வரக் கிளம்பினேன்.

மேற்கு நோக்கி இரண்டு மணி நேரப் பயணம். அக்டோபர் என்பதால் மேப்பிள் மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக நின்றன. பிரெஞ்ச் கிங் பாலத்தில் வண்டி ஏறியபோது கனெக்டிகட் ஆறு வெகு கீழே ஓடிக்கொண்டிருந்தது. நான் தேடிப் போன பள்ளி இந்த ஆற்றின் இரு கரையிலும் பிறந்தது: கிழக்கே பெண்களுக்கு நார்த்ஃபீல்ட், சில மைல் தள்ளி மேற்கே ஆண்களுக்கு மவுண்ட் ஹெர்மன்.

இரண்டையும் தொடங்கியவர் டி. எல். மூடி. நம்மூர் தேவாலயங்களில் இன்றும் பிரசங்கங்களில் அடிபடும் பெயர். 1837இல் நார்த்ஃபீல்டில் பிறந்து, நான்கு வயதில் தகப்பனை இழந்து, சரியாகப் பள்ளிக்கூடம் போகாமல் செருப்புக் கடையில் விற்பனையாளராக வேலை பார்த்தவர். பிறகு அமெரிக்காவும் இங்கிலாந்தும் திரண்டு வந்து கேட்ட நற்செய்திப் பேச்சாளர் ஆனார். ஊருக்கு வந்திருந்த ஒரு நாள், மலையோரக் குடிசை ஒன்றில் தாயும் மகள்களும் வயிற்றுப்பாட்டுக்காக வைக்கோல் தொப்பி பின்னிக்கொண்டிருப்பதைப் பார்த்தார் என்றும், அந்தப் பெண்களின் படிப்பை நினைத்துத்தான் பள்ளியைத் தொடங்கினார் என்றும் சொல்வார்கள். 1879இல் பெண்கள் பள்ளி, 1881இல் ஆண்கள் பள்ளி. மூடியும் பாடகர் ஐரா சாங்கியும் வெளியிட்ட கீர்த்தனைப் புத்தகங்களின் ராயல்டி கட்டடங்களாக மாறியது. ஹைரம் கேம்ப் என்ற கடிகார உற்பத்தியாளர் கொடுத்த 25,000 டாலர், ஆண்கள் பள்ளிக்கு நிலமானது. ஆண்டுக் கட்டணம் 100 டாலர். உண்மையான செலவில் அது பாதிதான். மீதியை நன்கொடை பார்த்துக்கொண்டது. கூட்டுவது, சமைப்பது, வயல் வேலை எல்லாம் மாணவர்களின் பொறுப்பு.

அந்த வேலை மட்டும் இன்றுவரை நிற்கவில்லை. மவுண்ட் ஹெர்மன் வளாகத்தைச் சுற்றிக் காட்டிய பதினோராம் வகுப்பு மாணவி, அந்தப் பருவத்தில் தனக்கு உணவுக்கூடத்தில் தட்டு கழுவும் முறை என்றாள். யாருடைய பிள்ளையாக இருந்தாலும் வாரத்தில் சில மணி நேரம் வேலை உண்டு. பண்ணையில் மேப்பிள் பாகு காய்ச்சும் கொட்டகையைத் திறந்து காட்டினாள். அகலமான தட்டைக் கொப்பரை, அடியில் அடுப்பு. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பதைப் போன்ற வேலைதான். ஆனால் இங்கே ஒரு லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய நாற்பது லிட்டர் மரச்சாறு வேண்டும். குளிர் விடும் மார்ச் மாதத்தில், பாடத்துக்கும் விளையாட்டுக்கும் இடையே பிள்ளைகள் இதற்கும் வருவார்களாம். நவம்பரில் ஓட்டப்பந்தயம் ஒன்று உண்டு. குறித்த நேரத்துக்குள் ஓடி முடிப்பவர்களுக்கு ஒரு முழு ஆப்பிள் பை பரிசு. 1891இல் தொடங்கிய அந்தப் பந்தயம் பாஸ்டன் மாரத்தானைவிட ஆறு வயது மூத்தது என்று அவள் பெருமையாகச் சொன்னாள்.

தொடக்கத்தில் சிறுவர்களுக்காக நடந்த மவுண்ட் ஹெர்மன், சில ஆண்டுகளிலேயே வயது கடந்த இளைஞர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. அடிமையாகப் பிறந்த தாமஸ் நெல்சன் பேக்கர் இருபது வயதைத் தாண்டிய பிறகு இங்கே படிக்க வந்தார். 1903இல் யேல் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். எல்லோருக்கும் இந்த இடம் இனிக்கவில்லை. பாலஸ்தீனச் சிந்தனையாளர் எட்வர்ட் செயித் 1950களின் தொடக்கத்தில் இங்கே படித்தவர். மூடியின் பெயரைச் சுற்றிய பக்தியும், தன்னை அந்நியனாக உணரவைத்த சூழலும் எவ்வளவு கசந்தன என்று தன் நினைவுக் குறிப்புகளில் விரிவாகவே எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் பள்ளியின் மதப் பிடி தளர்ந்தது. இப்போது பல மதத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள்.

1971இல் இரண்டு பள்ளிகளும் ஒன்றாயின. வளாகங்களுக்கு இடையே மாணவர்களைப் பேருந்து ஏற்றி இறக்கியது. இரண்டையும் கட்டிக் காப்பது பெரும் செலவாக, 2005இல் நிர்வாகம் எல்லாவற்றையும் மவுண்ட் ஹெர்மனுக்குள் சுருக்கிக்கொண்டது. ஆயிரத்துக்கு மேல் இருந்த மாணவர் எண்ணிக்கை அறுநூற்றுச் சொச்சமானது. நூறு ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்த பள்ளி, தானாக முன்வந்து தன்னில் பாதியை வெட்டிக்கொண்டது. வகுப்பறைக்கு மேல் வகுப்பறை கட்டி, வாசலில் சென்டம் வாங்கியவர்களின் படத்தை மாட்டுவதையே வளர்ச்சி என்று பழகிய எனக்கு இது புதிது.

ஆற்றைக் கடந்து நார்த்ஃபீல்டுக்குப் போனேன். ஐடா நடந்த வளாகம் இன்று அந்தப் பள்ளியுடையது அல்ல. கைமாறிக் கைமாறி, அதன் பெரும்பகுதியில் 2019 முதல் தாமஸ் அக்வினாஸ் கல்லூரி என்ற கத்தோலிக்கக் கல்லூரி நடக்கிறது. புராட்டஸ்டண்ட் பிரசங்கியார் கட்டிய இடத்தில் கத்தோலிக்க மாணவர்கள் புத்தகத்தோடு போய்க்கொண்டிருந்தார்கள். மூடியும் அவர் மனைவி எம்மாவும் பக்கத்தில் ரவுண்ட் டாப் என்ற மேட்டில் அடக்கமாகியிருக்கிறார்கள். இங்கே படித்த நாளில் மிஷனரி ஆவது ஐடாவின் திட்டமே அல்ல. அமெரிக்காவிலேயே தங்கி வாழத்தான் நினைத்தார். அவரை மருத்துவராக்கியது திண்டிவனம். ஆனால் ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கலாம் என்பதை இயல்பாக எடுத்துக்கொண்ட இடங்களில் நார்த்ஃபீல்டும் ஒன்று.

இன்று அந்தப் பள்ளியில் விடுதி மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் 60,000 டாலருக்கு மேல். தொப்பி பின்னிய பெண்கள் இன்று வந்தால் உதவித்தொகை இல்லாமல் வாசலைக்கூடத் தாண்ட முடியாது. உதவித்தொகை பெறுபவர்கள் இருக்கிறார்கள்தான். ஏக்கர், கலை அரங்கம், கல்லூரிச் சேர்க்கைப் பட்டியல் எல்லாம் இருக்கட்டும். ஏழைப் பிள்ளையின் செலவில் பாதியை வேறு யாரோ ஏற்றுக்கொண்டதால் எழுந்த பள்ளி இது. அந்தப் பாதியை இன்று எத்தனை பேருக்கு ஏற்கிறது என்பதைத்தான் இதன் வளர்ச்சிக் கணக்காக நான் எடுத்துக்கொள்வேன்.