முட்டத்துச் சிப்பி சொன்ன பாடம்

கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் என் நாத்தனார் வீடு. செம்மண் மேட்டில் கலங்கரை விளக்கம், கீழே கடற்பாறைகள். அவற்றில் ஒட்டி வளரும் சிப்பியை மூழ்கிப் பெயர்த்து வந்து விற்பார்கள்.

போன தடவை வாங்கிவந்து, வீட்டில் கரியடுப்பில் கம்பிவலை வைத்துச் சுட்டேன். வாய் திறக்காத நாலைந்தை, 'காசு போட்டதாச்சே' என்று நெம்பித் தின்றேன். ராத்திரி முழுக்க வாந்தி! நல்லவேளை, குழந்தைகளுக்குக் கொடுக்கவில்லை.

இந்தத் தடவை நாத்தனார் சொல்லிக் கொடுத்தாள்: "மைனி, நாரைப் பிடுங்கித் தேச்சுக் கழுவுங்க. பிளந்திருக்கிறதைத் தட்டிப் பாருங்க, மூடலைன்னா செத்தது. நெருப்பில வாய் திறந்தாலும் சதை கெட்டியாகிற வரை விடுங்க. திறக்காததைத் தூரப் போடுங்க."

மிளகுத்தூளும் தேங்காய் எண்ணெயும் தடவிக் கொடுத்தோம். பிள்ளைகள் போட்டி போட்டுத் தின்றார்கள். நாலு சிப்பி போனால் போகட்டுமே, வயிறு முக்கியமில்லையா சகோதரிகளே!