பேயைத் தாயென்று வணங்கும் ஊர்

நாகப்பட்டினத்திலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கி வருகிற யாத்திரிகர், நாகூரையும் வாஞ்சூரையும் கடந்து, காளமேகப் புலவரின் மண்மாரிச் சாபத்தால் பிரசித்தி பெற்ற திருமலைராயன்பட்டினத்தையும் தாண்டினால், காரைக்கால் நகரத்துக்குத் தெற்கு வாயிலாக விளங்கும் அரசலாற்றுப் பாலத்தை அடைவார். காவிரியின் கிளையாகப் பிரிந்து, கும்பகோணத்தை ஒட்டி ஓடி, எண்ணற்ற வயல்களுக்கு உயிரூட்டிய பின் எஞ்சிய நீருடன் கடலை நாடும் அந்த ஆறு, இங்கே உப்புநீருடன் கலந்து அகன்று கிடக்கிறது. கரையோரம் மீன்பிடிப் படகுகள் கட்டப்பட்டிருக்கின்றன.

காவிரிப் படுகைக் கிராமங்களில் பாலத்தடியிலும் மதகோரத்திலும் பேய் உலவுவதாகச் சொல்வது நெடுநாள் வழக்கம். உச்சிப் பொழுதிலும் நள்ளிரவிலும் அப்பக்கம் தனியே போகாதே என்றும், போகத்தான் வேண்டுமானால் கையில் ஓர் இரும்புத் துண்டாவது வைத்துக்கொள் என்றும் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களே நாம் அனைவரும். ஆனால் இந்தப் பாலத்தைக் கடந்து ஊருக்குள் செல்பவர் காண்பதோ முற்றிலும் வேறானது. இவ்வூரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு, தன்னைப் பேயென்றே தன் பதிகங்களில் முத்திரையிட்டுக்கொண்ட ஒரு பெண்மணிக்கு, நகரத்தின் நடுவே கோயில் எழுப்பி வழிபடுகிறார்கள் காரைக்கால் மக்கள்.

1739இல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954 நவம்பர் 1ஆம் தேதி இந்தியாவுடன் இணைந்த இப்பிரதேசம், ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பில், மூன்று புறமும் தமிழ்நாடும் கிழக்கே கடலும் சூழ அமைந்தது. சனீசுவர தரிசனத்துக்காகத் திருநள்ளாற்றுக்குத் திரள்கிற ஜனங்களில் பலர் காரைக்காலை வழியூராக மட்டுமே அறிவர். அந்தப் பெண்மணியான காரைக்கால் அம்மையாரின் சரித்திரமோ இவ்வூரின் ஜீவநாடி.

வணிகர் தலைவனான தனதத்தனின் மகள் புனிதவதி, கணவன் பரமதத்தன் அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசித்து வந்த சிவனடியாருக்கு இட்டாள்; மற்றொன்றை உண்ட கணவன் இன்னொன்றும் கேட்கவே, இறைவனை நினைந்தாள், கையில் கனி வந்தது. அந்த அற்புதத்தைக் கண்ணாரக் கண்ட பரமதத்தன் அவளைத் தெய்வமென்று அஞ்சி, கலமேறிச் சென்று, பாண்டிநாட்டில் வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். உறவினர் அழைத்துச் சென்றபோது மனைவியின் காலில் அவன் விழுந்தான். கணவனுக்கென்று தாங்கிய வனப்பு இனி எதற்கென்று உதறி, எலும்புருவாகிய பேய்வடிவை வேண்டிப் பெற்ற அம்மையார், கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தார் என்றும், இறைவனே 'அம்மையே' என்று அழைத்தான் என்றும் சேக்கிழார் பாடுகிறார்.

அம்மையார் இறுதியில் சென்று சேர்ந்த திருவாலங்காட்டை அடுத்ததுதான் பழையனூர். கணவனால் கொலையுண்டு பேயாகி, மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் தொடர்ந்து வந்து பழிவாங்கிய நீலியின் கதையும், அவளால் வாக்குத் தவற நேர்ந்ததற்காகத் தீப்பாய்ந்த எழுபது வேளாளரின் கதையும் அம்மண்ணுக்கே உரியவை. கணவனால் கொலையுண்ட ஒருத்தி, கைவிடப்பட்ட ஒருத்தி ஆகிய இருவரின் பேய்க்கதைகள் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஒன்று பழியாக மூண்டது, மற்றது பாட்டாக மலர்ந்தது. அற்புதத் திருவந்தாதி முதலிய அப்பாடல்கள் பதினோராம் திருமுறையில் இடம்பெற்றுள்ளன.

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் மாங்கனித் திருவிழாவில் இச்சரித்திரம் முழுவதும் வீதிகளிலேயே நிகழ்கிறது. திருக்கல்யாணம் முடிந்து, பிட்சாடனர் பவனி வருகையில், மாடிகளிலும் திண்ணைகளிலும் நின்று மாங்கனிகளை வாரி இறைக்கிறார்கள். பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் முந்தானையை ஏந்திக் கனியைப் பற்ற முயல்கிறார்கள். இறுதியில் பேயுருவம் பூண்டு அம்மையார் கயிலை செல்லும் காட்சியோடு விழாவின் உச்சம் வருகிறது.

சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் அம்மையாரை நோக்குங்கள்: விலா எலும்புகள் வரிவரியாகப் புடைத்திருக்கும், மார்பு வற்றிச் சரிந்திருக்கும், கைகளில் தாளம் இருக்கும், முகத்திலோ ஆனந்தம் ததும்பும். கங்கைகொண்ட சோழபுரத்தில் நடராஜர் அருகே அமர்ந்து தாளமிடும் அவ்வடிவம், கடல் கடந்து காம்போஜத்துப் பந்தியாய் ஸ்ரீ ஆலயத்திலும் நடமிடும் சிவனருகே காணப்படுகிறது. அறுபத்துமூவர் வரிசையில் ஏனையோர் நிற்க அம்மையார் மட்டும் அமர்ந்திருப்பதும், பெற்ற பெருமைக்கு உரிய மரியாதையே.

அழகு ஒன்றையே பெண்ணின் அணிகலனென்று போற்றிய உலகத்தில், அதனை வேண்டாமென்று துறந்த பெண்ணைத் தாயென்று கொண்டாடும் மனம் இவ்வூருக்கு இருந்திருக்கிறது. காரைக்காலின் தலையாய சிறப்பு இதுவே. திருநள்ளாறு செல்லும் அன்பர்கள், பயணத்தில் ஒருவேளையையேனும் ஒதுக்கி அம்மையார் கோயிலுக்குச் சென்று வணங்கித் திரும்புவார்களாக. அதற்கு முன்னர் அவர் பாடல்களில் சிலவற்றையேனும் படித்துவிட்டுச் செல்வார்களாக.